மூன்று ஷிப்டு பார்த்த டோக்கன்

என் பெரியம்மா மகன் இருமலோடு ரத்தம் துப்ப ஆரம்பித்தபோது, நான் தாராவிக்கு வந்து ஒரு மழைக்காலம்கூட முழுதாக முடிந்திருக்கவில்லை. அதற்கு முன்னால் தூத்துக்குடியில் உப்பளம், குண்டக்கல்லில் ரயில்வே கேண்டீன், புனாவுக்கு வெளியே ஒரு செங்கல் சூளை என்று சுற்றிக்கொண்டிருந்தவன். ஒன்பதாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்தேன். எந்த வேலையும் கைக்குப் பழகியவுடன் சலித்துவிடும். யாரிடமும் சொல்லாமல் ரயிலேறிவிடுவேன். பம்பாயும் அப்படி ஒரு ஊர் என்றுதான் நினைத்திருந்தேன்.

அண்ணன் வேறு மாதிரி. செம்பூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் டிரம் ஷெட்டில் அவருக்கு நிரந்தர வேலை. நிரந்தரம் என்பதற்கு அடையாளம் ஒரு பித்தளை டோக்கன். வாசலில் அதைக் காட்ட வேண்டும், டைம் ஆபீஸ் குமாஸ்தா நம்பரைக் குறித்துக்கொள்வான், உள்ளே போகலாம். விடுப்பு வாங்காமல் தொடர்ந்து சில நாட்கள் அந்த நம்பர் வராமல் போனால் பெயரை அடித்துவிடுவார்கள். வெளியே பத்துப் பேர் நிற்பார்கள்.

சயான் ஆஸ்பத்திரி டாக்டர், ஊருக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு படுத்திரு என்று சொல்லிவிட்டார். அண்ணன் என்னைக் கூப்பிட்டு டோக்கனைக் கையில் வைத்தார்.

"ஒரு மாசந்தாம்ல. கேட்டுல ஒருத்தனும் மூஞ்சியப் பாக்க மாட்டான், நம்பரத்தான் பாப்பான். மேஸ்திரிட்டச் சொல்லியாச்சு."

"எனக்கு ஒரு எடத்துல நிக்க வராதுண்ணே."

"ஒரு மாசம் நிக்கதுக்கு என்னல? கால்ல ஆணியா அடிக்கப் போறான்?"

இதில் எங்களுக்குப் புதுமை எதுவும் இல்லை. மில்லுகளில் இதற்குப் பத்லி என்று பெயர். ஒருவன் வராத நாளில் அவன் இடத்தில் இன்னொருவன் நிற்பது. மில்லில் பத்லிக்காரனுக்கு அவன் பெயரிலேயே சீட்டு உண்டு. தாராவியில் நாங்கள் கூட்டாகத் தங்கியிருந்த அறைகளில் நடந்தது சீட்டு இல்லாத பத்லி. யாராவது ஊருக்குப் போனால், காய்ச்சலில் படுத்தால், அவன் டோக்கனைச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டிவிடுவோம். அறையில் இருப்பவர்கள் தங்கள் ஷிப்டு போக முறை வைத்து அதையும் எடுத்துக்கொண்டு போய் வருவார்கள். ஆள் இல்லாவிட்டாலும் நம்பர் உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். மேஸ்திரிகளுக்கும் கை குறையாமல் இருந்தால் போதும். சம்பளத்தில் பாதி அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பேச்சு. அண்ணன் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் 'ஜி' என்று குரல் கொடுத்துக்கொண்டு டிரம் உருட்டினேன்.

ஒரு மாதம் முடிந்தது. அண்ணன் வரவில்லை. ஊரிலிருந்து வந்தவர்கள், சதை பிடிக்கிறது, ஆனால் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது என்றார்கள். பங்குனி போய், ஆடி போய், வருடம் திரும்பியது. எனக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் தாதரில் நாசிக் போகிற வண்டி நின்றிருந்தது, ஏறிவிட்டேன். கோதாவரிக் கரையில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு நாலைந்து நாள் கழித்துத் திரும்பினேன். டோக்கன் ஆணியில் தொங்கியது. அறையில் இருந்தவர்கள் முறை வைத்துக் காப்பாற்றியிருந்தார்கள். திட்டவும் செய்தார்கள்.

"நீயே பத்லி. பத்லிக்குப் பத்லி பாக்க எங்களுக்கு என்ன தலையெழுத்தா வே?" என்றார் வயதில் மூத்தவர் ஒருவர். அவருக்கு வாய்தான் அப்படி. எனக்காக ஒரு ஷிப்டு பார்த்துவிட்டு வந்தவர்.

அடுத்த மாதம் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். ஆபீஸில் புதிதாக மெஷின் அறை ஒன்று வைத்திருக்கிறார்கள், பெட்டி தூக்கவும் இங்கிலீஷ் நம்பர் படிக்கவும் தெரிந்த ஒரு ஆள் வேண்டுமாம். "டிரம் உருட்ட நீ லாயக்கில்ல. அங்க போய்க் குளுகுளுன்னு இரு," என்று அனுப்பிவிட்டார். அண்ணன் டோக்கனும் அண்ணன் பெயரும் என்னோடு அந்த அறைக்குள் போயின.

அங்கே போன பிறகுதான் என் நிலைமை எனக்கு விளங்கியது. ஷெட்டில் நூறு பேர், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. மெஷின் அறையில் நாலைந்து பேர்தான். எல்லோருக்கும் என் முகம் தெரியும். நாளை அண்ணன் குணமாகி வந்தால் இந்த நாற்காலியில் அவரை உட்கார வைக்க முடியாது. நான் திரும்ப ஷெட்டுக்குப் போனால்தான் அவர் என் இடத்துக்கு வரலாம், நான் ரயிலேறலாம். அதுவரை நான் அவர்தான்.

அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. மெஷின் சூடாகக் கூடாது என்று எந்நேரமும் குளிர் ஓடும். அலமாரி அலமாரியாக மெஷின், அதற்குத் துளை போட்ட அட்டைகள்தான் சாப்பாடு. நாங்கள் கார்டு என்போம். ஒரு கார்டு என்பது ஒரு செய்தி: இந்த நம்பர், இந்தத் தேதி, இந்த ஷிப்டு. எந்த இடத்தில் துளை என்பதை வைத்து மெஷின் படிக்கும். நான் கார்டுப் பெட்டிகளைத் தூக்க வேண்டும், நம்பர் வாரியாகப் பிரிக்கும் இயந்திரத்தில் போட வேண்டும், அச்சாகி வரும் காகிதத்தை மடிக்க வேண்டும்.

மெஷினுக்குப் புரோகிராம் எழுதியது ஒரு பெண். மாதுங்காவில் வீடு, கிங்ஸ் சர்க்கிளில் பஸ் பிடித்து வருவார். கணக்கில் பட்டம் வாங்கியவர். என்னைவிட இரண்டொரு வயது இளையவராகத்தான் இருப்பார். பம்பாயில் நான் கம்பளி ஸ்வெட்டர் போட்ட ஆளைப் பார்த்தது அந்த அறையில்தான். துளை போடும் பிரிவில் சேர்ந்து, தேர்வு எழுதி இந்த வேலைக்கு வந்தவர். வேலை சரியாக வராவிட்டால் மறுபடி துளை போடத்தான் போக வேண்டும் என்று மேனேஜர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

இப்போது இதற்கெல்லாம் மென்பொருள் பொறியியல் என்று பெயர் வைத்துக் கல்லூரியில் பாடம் நடத்துகிறார்கள். எனக்கு அந்தப் பெயர் எதுவும் தெரியாது. அவர் செய்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான். எடுத்தவுடன் எழுத மாட்டார். முதலில் ஊரெல்லாம் போய்க் கேட்பார். டைம் ஆபீஸ், மேஸ்திரிகள், சமையற்கட்டு வரை. விடுப்பு எப்படிக் கொடுக்கிறீர்கள், இரட்டை ஷிப்டுக்கு என்ன விதி, பண்டிகையன்று வந்தால் என்ன. "மெஷினுக்கு ஒண்ணும் தெரியாது. நாம சொல்லாததை அது யோசிச்சுப் பாக்காது. நமக்கே தெரியலைன்னா அதுக்கு என்னத்தைச் சொல்றது?" என்பார்.

கேட்டு முடித்ததும் படம் போடுவார். செய்ய வேண்டிய காரியம் கட்டத்துக்குள். கேள்வி என்றால் சாய்ந்த கட்டம், அதிலிருந்து இரண்டு அம்புகள்: ஆம், இல்லை. மூன்றாவது அம்பு கிடையாது. ஒருமுறை அம்பைத் தவறிப்போய்ப் பின்னால் இருந்த கட்டத்துக்கே திருப்பிவிட்டார். மெஷின் அதே இரண்டு கட்டத்துக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. தானாக வெளியே வரத் தெரியவில்லை. நாங்கள்தான் நிறுத்த வேண்டியிருந்தது. எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

படம் சரியான பிறகுதான் அதைப் பார்த்து வரி வரியாகக் கட்டளை எழுதுவார். ஒரு வரிக்கு ஒரு கார்டு. ஒருவர் துளை போட, அதே வரியை இன்னொருவர் மறுபடி அடித்துச் சரிபார்ப்பார். பிறகு சோதனை. அதற்கு நிஜக் கார்டுகளைப் போட மாட்டார். விடை முன்கூட்டியே தெரிந்த பத்துப் பதினைந்து கார்டுகளை அவரே தயார் செய்வார். "விடை தெரியாத கணக்கைப் போட்டா, மெஷின் சொல்றது சரியா தப்பான்னு எப்படித் தெரியும்?"

அந்த வருடம் அவருக்குக் கொடுத்த வேலை, தொழிற்சாலை முழுதுக்குமான வருகைக் கணக்கு. டைம் ஆபீஸில் கையால் எழுதியதை மெஷினுக்கு மாற்ற வேண்டும். "இந்த வேலை முடிஞ்சா ஒரு ஆள் குறைச்சுடுவா. உங்களை ஷெட்டுக்கே அனுப்பிடுவா, பாவம்," என்றார் என்னிடம். எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போல இருந்தது. புரோகிராம் சரியாக ஓடினால் நான் ஷெட்டுக்குப் போவேன். ஷெட்டுக்குப் போனால் அண்ணன் வருவார். அண்ணன் வந்தால் நான் போகலாம். அன்றிலிருந்து பெட்டிகளை ஓடி ஓடித் தூக்கினேன்.

படம் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு நாள் பென்சிலை எடுக்காமலேயே கேட்டார்.

"நீங்க ஷெட்டுல இருந்தவர். ஒரு டோக்கன்னா ஒரு ஆள்தானே?"

"ஆமா மேடம்."

"ஒரே டோக்கன்ல ரெண்டு பேர் வர மாட்டாளே?"

"அதெப்படி வருவாங்க?"

அவர் ஒரு சாய்ந்த கட்டத்தை ரப்பரால் அழித்தார். அந்தக் கேள்வியே தேவையில்லை என்று ஆகிவிட்டது. டோக்கன் என்றால் ஆள், ஆள் என்றால் டோக்கன். மீதி எல்லாவற்றையும் அதன் மேல் கட்டினார்.

சோதனைக் கார்டுகளில் புரோகிராம் அழகாக ஓடியது. அடுத்து, நான் ஷெட்டில் இருந்தபோதைய ஒரு பழைய மாதத்து நிஜக் கார்டுகளைப் போட்டு, டைம் ஆபீஸ் கணக்கோடு ஒப்பிட வேண்டும். போட்டோம். இப்படி நடக்க முடியாது என்று மெஷின் நினைப்பவற்றைத் தனியாக அச்சடிக்கச் சொல்லியிருந்தார். அந்தக் காகிதம் வந்துகொண்டே இருந்தது. மடிக்க மடிக்க வந்தது. ஒரு ஆள் காலை, மாலை, இரவு மூன்று ஷிப்டும் பார்த்துவிட்டு மறுநாள் காலையும் வந்திருக்கிறான். இன்னொருவன் வாரம் முழுக்கத் தூங்கவில்லை. பாதிப் பெயர்கள் எனக்குத் தெரிந்த பெயர்கள். கொஞ்ச தூரம் தள்ளி அண்ணன் நம்பர் இருந்தது. ஊரில் கட்டிலில் படுத்திருந்தவர் இங்கே ஒரே நாளில் மூன்று ஷிப்டு பார்த்திருந்தார்.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே தெரிந்தது. நான் நாசிக்கில் இருந்த நாள் அது. காலையில் ஒருவர் டோக்கனை எடுத்துப் போய், வேலை முடிந்து வந்து ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டார். மத்தியானம் வந்தவர், டோக்கன் தொங்குகிறதே, இன்று யாரும் போகவில்லை போலிருக்கிறது என்று எடுத்துப் போனார். ராத்திரி இன்னொருவர் அதையே நினைத்தார். என் மேல் உள்ள அக்கறையில் மூன்று பேர் போய்விட்டார்கள். மற்ற அறைகளிலும் இதே ஆணி, இதே அக்கறை.

மேனேஜர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "உங்கள் மெஷின் சொல்வதைப் பார்த்தால் என் தொழிற்சாலையில் மனிதர்களே இல்லை, பேய்கள்தான் வேலை பார்க்கின்றன," என்றார். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் கணக்கு டைம் ஆபீஸுக்கே திரும்பிவிடும் என்றும் சொன்னார். அவர் போன பிறகு அந்தப் பெண் என்னிடம் வந்தார்.

"இதோ உங்க நம்பர். மூணு ஷிப்டுன்னு சொல்றது. நீங்க அன்னிக்கு எத்தனை ஷிப்டு பாத்தேள்?"

ஆம், மூன்று என்றால் அது சட்டப்படிக் குற்றம், மேஸ்திரி மாட்டுவார், விசாரணை வரும், டோக்கன் போகும். இல்லை, ஒன்றுதான் என்றால் மெஷின் பொய் சொல்கிறது என்று ஆகும்.

"ஒண்ணுதான் மேடம்."

"நெனச்சேன்," என்றார். "ஒரு கார்டை மூணு தடவை எண்ணறது. எங்கயோ அம்பு தப்பு."

அன்றிலிருந்து அவர் இல்லாத தவறைத் தேட ஆரம்பித்தார். படத்தையும் கட்டளைகளையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். கட்டளைக் கார்டுகளை விளக்குக்கு எதிரே பிடித்துத் துளைகளை எண்ணினார். ஒரு இடத்தில் மாற்றினால் வேறு எங்கோ உடைந்தது. அதைச் சரிசெய்தால் முதலில் சரியாக இருந்தது போயிற்று. பிறகு எல்லா மாற்றங்களையும் கழற்றிவிட்டுப் பழையபடி ஆரம்பித்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்தது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோனார். நான் பக்கத்தில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவு ஒரு எட்டுத் தூரத்தில் இருந்தது. இதற்கு முன் எந்த ஊரிலும் நான் அப்படிப்பட்ட கதவைத் தாண்டாமல் இருந்ததில்லை.

தாராவி அறையில் சொன்னேன். ஆளுக்கு ஒன்று பேசினார்கள்.

"மெஷினு கண்டுபிடிச்சிருமால?"

"அது கண்டுபிடிச்சாச்சு. அந்தப் பொண்ணுதான் நம்ப மாட்டேங்குது."

"அப்பம் நம்பாமலே இருக்கட்டும். நீ வாயத் தொறந்தே, தாராவில பாதி அடுப்பு எரியாது, ஆமா."

மூத்தவர் மட்டும், "அந்தப் பிள்ளைக்கி வேல போயிருமோ?" என்று கேட்டார். தெற்கிலிருந்து வந்தவனை மதராசி என்று வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிற காலம் அது. போன வேலை திரும்பக் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிறகு அவர் வழியை மாற்றினார். "இவ்வளவு கார்டுல தேடினா ஆகாது. பாதியாப் பிரிங்கோ," என்றார். பெட்டியைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியை மட்டும் ஓட்டினோம். தவறு இருந்தது. அதையும் பாதியாக்கினோம். இருந்தது. ஒவ்வொரு முறையும் கட்டு சின்னதாகிக்கொண்டே வந்தது. கையில் அடங்குகிற அளவு வந்ததும் அவர் நிறுத்தினார்.

"இனிமே ஒரே ஒரு டோக்கன். சரியான விடை நமக்குத் தெரிஞ்சிருக்கணும். உங்களோடதையே எடுத்துப்போம். நீங்கதான் இங்கயே இருக்கேளே."

பிரிக்கும் இயந்திரத்தில் அண்ணன் நம்பரை நானே தனியாக எடுத்தேன். அந்த ஒரு நாளுக்கு மூன்று கார்டு விழுந்தது. அவர் அவற்றை மேசை மேல் அடுத்தடுத்து வைத்தார். ஒரே நம்பர், ஒரே தேதி, ஷிப்டுக்கு மட்டும் துளை வேறு வேறு இடத்தில். ரொம்ப நேரம் பார்த்தார். கோபமாகப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். கணக்குப் போடுகிற முகத்தோடுதான் பார்த்தார்.

"ஒரு கார்டை மூணு தடவை எண்ணலை. கார்டே மூணு இருக்கு. புரோகிராம் சரியாத்தான் எண்ணியிருக்கு."

அவர் மூன்று கார்டையும் சேர்த்து அடுக்கினார்.

"டைம் ஆபீஸ்ல மூணு குமாஸ்தா, மூணு ஷிப்டு. மூணு பேரும் ஒரே நம்பரைத் தப்பா எழுத மாட்டா. கார்டு சரி. புரோகிராம் சரி. பாக்கி என்ன இருக்கு?"

"பாக்கி நான்தான் மேடம்," என்றேன்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆணி, முறை, மூன்று பேர். அவர் நடுவில் ஒரே ஒரு தடவை கேட்டார்.

"அப்போ அன்னிக்கு நீங்க எங்க இருந்தேள்?"

"நாசிக்ல."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மாவா!" என்று சொல்லி ஸ்வெட்டர் கையால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. அடுத்த நிமிடம் கண் கலங்கிவிட்டது. "நான் பைத்தியம் மாதிரித் தேடிண்டிருக்கேன். நீங்க பக்கத்துலயே பெட்டியப் பிடிச்சுண்டு நின்னேள்."

"சொன்னா டோக்கன் போயிரும். அது என்னோடது இல்ல. எங்க அண்ணனோடது."

"அப்போ இந்தப் பேர்?"

"அதும் அவருதுதான்."

அவர் என் பெயரைக் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் சொல்ல வேண்டி வரும் என்று நினைத்திருக்கலாம். அழித்த சாய்ந்த கட்டம் இருந்த இடத்தைப் படத்தில் தடவிப் பார்த்தார். பென்சில் தடம் இன்னும் இருந்தது.

"இதை உங்ககிட்ட மட்டும் கேட்டது என் தப்பு. நாலு பேர்கிட்ட கேட்டிருக்கணும்," என்றார்.

"நாலு பேரும் இதையேதான் சொல்லிருப்பாங்க."

"ஆமா, சொல்லியிருப்பா," என்றார்.

அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. எழுதும் புரோகிராம் எதை எண்ண வேண்டும் என்று தெரியாமல் மேற்கொண்டு போக முடியாது, அதனால் மேனேஜரிடம் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்கப் போகிறேன் என்றார். உங்களுக்கு இடத்தில் ஆள் இருந்தானா என்று தெரிந்தால் போதுமா, எந்த ஆள் என்று தெரிய வேண்டுமா? போதும் என்று மேனேஜர் சொன்னால், டோக்கனை ஒரு ஆளாக இல்லாமல் ஒரு இடமாக மட்டும் எண்ணும்படி மாற்றிவிடலாம். எங்கள் வழக்கம் அப்படியே உள்ளே அடங்கிவிடும். எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. படியேறிப் போனார். திரும்பி வந்தபோது ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"எந்த ஆள்னு தெரியணுமாம். எதுக்கு இப்படிக் கேக்கறேன்னு என்னையே ஒரு மாதிரிப் பாத்தார். நான் ஒரு பேரும் சொல்லலை. ஆனா கேட்டதுலயே புரிஞ்சுண்டுட்டார்."

தீபாவளி முடிந்ததும் எல்லோருக்கும் போட்டோ ஒட்டிய பாஸ் என்று அறிவிப்பு வந்தது. வாசலில் ஒரு போட்டோக்காரன் உட்காருவான். யார் டோக்கனோடு உட்காருகிறானோ அவன் முகம்தான் இனி அந்த நம்பர். பழைய கதையைக் கிளற மாட்டோம், இனி ஒழுங்காக இருந்தால் போதும் என்று மேஸ்திரிகளிடம் சொல்லிவிட்டார்கள். அதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. எனக்கு மட்டும் இல்லை. அண்ணன் அந்த நாளுக்குள் வந்து உட்கார்ந்தால் நம்பர் அவருக்கு. மெஷின் அறையில் நான்கு பேரை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம், மாற்றல் கேட்கலாம், அந்தப் பெண்ணே உதவுவார். வராவிட்டால் என் முகம் அங்கே ஒட்டப்பட்டுவிடும்.

அறையிலிருந்து ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார். எப்படியாவது கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், தாதரில் நான் வந்து தூக்கிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர் திரும்பி வந்த அன்று ஸ்டேஷனில் நின்றேன். வண்டியிலிருந்து அவர் மட்டும் இறங்கினார். பனங்கிழங்குக் கட்டை என் கையில் கொடுத்தார்.

"வரலியா?"

"கேட்டேம்ல. வண்டியேறுத தெம்பு இல்ல அவுகளுக்கு. ஊசி இன்னும் கெடக்கு."

"என்ன சொன்னாவ?"

"அவன் மூஞ்சியக் குடுக்கச் சொல்லு, வேலையாவது நம்ம குடும்பத்துல நிக்கட்டும்னாவ." அவர் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைத் தோளில் ஏற்றினார். "நீ எங்கயும் ஓடிராதல. அவுக பிள்ளைய மூணும் பள்ளிக்கூடம் போகுது."

போட்டோ எடுத்த அன்று வெயில். வரிசை வாசலைத் தாண்டிச் சாலை வரை நின்றது. ஆணியில் தொங்கிய டோக்கன்கள் எல்லாம் அன்று யாரோ ஒருவர் கழுத்துக்கு வந்தன. ஊரிலிருந்து அடித்துப் பிடித்து ஓடி வந்தவர்கள் இருந்தார்கள். வர முடியாதவர்களுக்காக அண்ணன் தம்பி, மச்சான் என்று உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள். என் முறை வந்தது. போட்டோக்காரன் அண்ணன் பெயரைப் பலகையில் சாக்பீஸால் எழுதி என் நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொன்னான்.

"மதராசி, சீதா தேக்," என்றான். நேரே பார்த்தேன்.

அடுத்த மாதக் கார்டுகளை ஓட்டியபோது, நடக்க முடியாதவற்றுக்கான காகிதத்தில் தலைப்பு மட்டும் அச்சாகி வந்தது. கீழே ஒன்றும் இல்லை. அந்தப் பெண் புரோகிராமில் ஒரு வரிகூட மாற்றியிருக்கவில்லை. ஒரு டோக்கன், ஒரு ஆள். நாங்கள்தான் அதற்குத் தகுந்த மாதிரி மாறியிருந்தோம். மேனேஜர் அவருக்குக் கை கொடுத்தார். அந்தப் பெண் கையைக் கொடுத்துவிட்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டினார், மடிப்பதற்கு.

ஆளைக் குறைக்கும் பேச்சு அப்படியே நின்றுபோயிற்று. இந்த வேலையைப் பார்த்துவிட்டு மேனேஜர் கிடங்குக் கணக்கையும் மெஷினுக்கே கொடுத்தார். கார்டு இரண்டு மடங்கானது. என்னை ஷெட்டுக்கு அனுப்ப யாருக்கும் மனமில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டு என்ன, எந்த ஷெட்டில் நின்றாலும் பாஸில் என் முகம்தான்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். இரண்டு மழைக்காலம் கழித்து, நல்ல சதையோடு, மீசையை ஒதுக்கிவிட்டு, ஒரு பெட்டியோடு அறைக்கு வந்து இறங்கினார். டிரம் உருட்டுகிற வேலை கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாண்டுப்பில் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை, உட்கார்ந்தே பார்க்கலாம். எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஊருக்குப் போயிருந்தார், அவருடைய டோக்கன். அங்கே இன்னும் போட்டோ வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவிக்கு வருவார். ஒரு ஞாயிறு, டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"என் வேல எப்படில போகுது?"

"நல்லாப் போகுதுண்ணே."

"விட்டுராத," என்றார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தார். அவருக்கு மாலை ஷிப்டு. சயான் வரை கூடப் போய் வண்டியேற்றிவிட்டேன். பாண்டுப் போகிற வண்டி கிளம்பிய பிறகு, பக்கத்துத் தண்டவாளத்தில் கல்யாண் தாண்டிப் போகிற ஒரு நீள வண்டி நிற்காமல் போனது. கதவுப் படியில் ஒரு ஆள் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். அது கண்ணுக்கு மறைகிறவரை நின்றேன். காலை ஷிப்டுக்குச் சட்டையைத் துவைத்துப் போட வேண்டும் என்று நினைவு வந்தது. திரும்பி நடந்தேன்.